ரசவாதத்துக்குச் சக்தி எங்கிருந்து வருகிறது?

வணக்கம் நண்பர்களே. ஹிரோமு அரகாவாவின் 'ஃபுல்மெட்டல் அல்கெமிஸ்ட்' என்ற மாங்காவை (ஜப்பானியப் படக்கதை), 27 தொகுதிகளையும், இரண்டாம் முறையாக வாசிக்கிறேன். ஒரு சந்தேகம் விடாமல் அரிக்கிறது.

ஒன்றைப் பெற ஈடான ஒன்றைத் தர வேண்டும், இதுதான் அதில் வரும் ரசவாதத்தின் விதி. முதல் அத்தியாயத்தில் கீழே விழுந்து நொறுங்கிய ரேடியோவைச் சுற்றி, நாயகன் எட்வர்டின் தம்பி ஆல்ஃபோன்ஸ் சாக்பீஸால் ரசவாத வட்டம் வரைந்து சரிசெய்வான். துண்டுகள் எல்லாம் அங்கேயே கிடக்கின்றன, கணக்கு சரி. ராணுவ ரசவாதி மஸ்டாங்கின் நெருப்பும் புரிகிறது: கையுறையை உரசினால் பொறி, மற்றதைக் காற்றிலுள்ள ஆக்சிஜன் பார்த்துக்கொள்ளும். மழையில் கையுறை நனைந்தால் அவர் நெருப்பு எடுபடாது. எனக்கு மிகவும் பிடித்த இடம் அது. மந்திரத்துக்கு இப்படி ஒரு வரம்பு இருந்தால்தான் சண்டையில் உயிர் இருக்கும்.

ஆனால் உருமாற்றும் சக்தி? நிலத்தட்டுகளின் அசைவிலிருந்து வருகிறது என்று கதை நடக்கும் அமெஸ்ட்ரிஸ் நாட்டு ரசவாதிகள் நம்புகிறார்கள். சரி, அந்தச் சக்திக்கு ஈடாக அவர்கள் எதைக் கொடுக்கிறார்கள்? விதி பொருளுக்கு மட்டும்தானா?

அப்புறம், எட்வர்ட் வட்டம் வரையாமல் கைதட்டும்போது அவன் உடலே வட்டமாகிறது. வட்டத்துக்குள் வரைய வேண்டிய குறியீடுகள் என்ன ஆகின்றன?

தெரிந்தவர்கள் அத்தியாய எண்ணோடு சொன்னால் அந்தப் பக்கங்களைத் திரும்ப எடுத்துப் பார்ப்பேன்.