ஹேரியட் ஹாஸ்மர்: செனோபியா அவருடைய கைவேலைதானா?

கேள்வி:
அமெரிக்காவின் தொடக்ககாலப் பெண் சிற்பிகளுள் ஒருவரான ஹேரியட் ஹாஸ்மர் (1830–1908) பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். விலங்கிடப்பட்ட பல்மைரா நாட்டுப் பண்டைய அரசி செனோபியாவின் பளிங்குச் சிலை உண்மையில் அவர் செய்ததன்று, ரோமிலிருந்த இத்தாலியத் தொழிலாளி ஒருவரே செய்தார் என்று 1863இல் லண்டன் இதழ்கள் எழுதினவாம். பெண்களுக்குக் கதவடைத்திருந்த அக்காலத்தில் அவர் எங்கே, யாரிடம் தொழில் பயின்றார்? அந்தக் குற்றச்சாட்டில் உண்மை உண்டா?

மறுமொழி 1:
பயிற்சியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மாசசூசெட்ஸ் மாநிலத்தின் வாட்டர்டவுனில் மருத்துவராக இருந்த அவருடைய தந்தை, மனைவியையும் மற்றக் குழந்தைகளையும் காசநோய்க்குப் பறிகொடுத்தவர். எஞ்சிய ஒரே மகளின் உடல் உரம்பெற வேண்டும் என்று குதிரையேற்றம், படகோட்டுதல், துப்பாக்கி சுடுதல் அனைத்தையும் பழக்கினார். மனித உருவத்தைச் செய்ய உடற்கூற்றியல் தெரிந்தாக வேண்டும். பாஸ்டனில் அதைக் கற்க இடம் கிடைக்காததால், பள்ளித் தோழியின் தந்தை வேமன் குரோவின் துணையுடன் செயின்ட் லூயிஸ் நகருக்குச் சென்று, மருத்துவக் கல்லூரி நடத்திய ஜோசப் மெக்டவலிடம் 1850–51இல் அப்பாடத்தைப் பயின்றார். ஊர் திரும்பிச் செய்த மார்பளவுச் சிலையே ‘ஹெஸ்பர்’. 1852இல் ரோமுக்குச் சென்றபோது அதன் டாகரோடைப் (வெள்ளி பூசிய தகட்டில் பதியும் தொடக்ககால முறை) ஒளிப்படங்களைக் கண்ட பிறகுதான், எளிதில் மாணவர்களை ஏற்காத பிரிட்டிஷ் சிற்பி ஜான் கிப்சன் தம் பட்டறையில் அவருக்கு இடம் தந்தார்.

மறுமொழி 2:
குற்றச்சாட்டு, பட்டறை நடைமுறையை அறியாதவர்களை எளிதில் நம்பவைக்கக்கூடியது. சிற்பி முதலில் களிமண்ணில் ஒரு சிறு மாதிரியைச் செய்வார். இரும்புச் சட்டத்தின்மேல் முழு அளவுக் களிமண் உருவம் எழும்பும். காய்ந்து வெடிக்காதபடி அதற்கு ஈரத்துணி போர்த்துவார்கள். பின்னர் பிளாஸ்டரில் வார்ப்பெடுத்து, அதன்மேல் புள்ளிகள் குறித்து, ஒவ்வொரு புள்ளிக்கும் உரிய ஆழத்தை அளவுகருவியால் பளிங்குக்கு மாற்றித் துளையிட்டு, மிகுதிக் கல்லைக் கொத்தி எடுப்பது கூலிக்கு அமர்த்திய கல்தச்சர்களின் வேலை. புகழ்பெற்ற ஆண் சிற்பிகளான கனோவாவும் தோர்வால்சனும் இப்படித்தான் செய்தார்கள். அவர்களை யாரும் இப்படிக் கேட்டதாகத் தெரியவில்லை! ஹாஸ்மர் அவதூறு வழக்குத் தொடுக்க முற்பட்டார், இதழ்கள் மறுப்பு வெளியிட நேர்ந்தது. 1864 டிசம்பரில் ‘அட்லாண்டிக் மந்த்லி’ இதழில் இந்த நடைமுறையை அவரே கட்டுரையாக விளக்கினார்.

கேள்வி கேட்டவர்:
அப்படியானால் மெக்டவலிடம் கற்றது களிமண் கட்டத்தில்தான் பயன்பட்டிருக்க வேண்டும், இல்லையா? இத்தனை ஆள்களுக்குக் கூலி கொடுக்க அவருக்குப் பணம் எங்கிருந்து வந்தது?

மறுமொழி 1:
ஆம், தசையும் எலும்பும் எங்கே மேடாகும், எங்கே குழியும் என்பதெல்லாம் களிமண்ணிலேயே முடிவாகிவிடும். பணத்தைப் பொறுத்தவரை, தந்தைக்கு நெருக்கடி வந்து ஊருக்கு அழைத்தபோது ஹாஸ்மர் திரும்ப மறுத்துவிட்டார். குரோ ஒரு சிலைக்கு முன்கூட்டியே வேலை தந்திருந்தார். நாய்க்குடையின்மேல் அமர்ந்த குறும்புக் குழந்தையான ‘பக்’ சிலைக்கோ ஏராளமான பிரதிகள் விற்றன. வேல்ஸ் இளவரசரும் ஒன்றை வாங்கினார். செனோபியாவைப் போன்ற பெருஞ்சிலைகளுக்குக் கைகொடுத்தது, அந்தக் குறும்பன்தான் என்றே நான் கருதுகிறேன்.