அப்புச்சி வீடு: குடும்பக் குழு

வெள்ளி, ஆடி மாதம்

கதிர்: புதிதாக வாங்கிய பழைய ரோடு பைக் சைக்கிள் இதுதான். (படம்)

கதிர்: வண்டி பறக்கிறது. ஆனால் உடுமலையிலிருந்து பொள்ளாச்சி வந்து சேர்வதற்குள் கைகள் மரத்துப்போகின்றன, கழுத்தும் பிடித்துக்கொள்கிறது. ஹேண்டில்பாருக்கு ஜெல் டேப் வாங்கிச் சுற்றட்டுமா?

அம்மா: வாங்கும்போதே சொன்னேன். யார் கேட்டார்கள்?

அப்புச்சி: ஆடியில் உடுமலையிலிருந்து மேற்கே ஓட்டினால் யாருக்கும் கழுத்து பிடிக்கும் கண்ணு. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று நேராக முகத்துக்கு வருகிறது. அங்கே காற்றாலையைச் சும்மாவா நட்டு வைத்திருக்கிறார்கள்?

நந்தினி அக்கா: காற்றுக்குப் பிறகு வருவோம் அப்புச்சி. கதிர், எந்த விரல்கள் மரத்துப்போகின்றன?

கதிர்: சுண்டு விரலும் மோதிர விரலும். இரண்டு கையிலும்.

நந்தினி அக்கா: அல்நார் நரம்பு. உள்ளங்கையின் அடியில், சுண்டு விரல் பக்கமாக விரலுக்குப் போகிறது. உன் மேலுடம்பின் பாரம் அதன்மேல் அழுந்துகிறது. டேப் சுற்றினால் பிடி மெத்தென்று ஆகும், பாரம் அப்படியே இருக்கும். கைக்கு ஏன் பாரம் வந்தது என்று பார்க்க வேண்டும். சீட்டைப் பக்கவாட்டில் படம் எடுத்து அனுப்பு.

கதிர்: (படம்)

செந்தில் மாமா: சீட்டின் மூக்கு இப்படித் தொங்குகிறதே! சறுக்குமரத்தில் உட்கார்ந்து ஓட்டுகிறாயா? உட்கார்ந்தவன் முன்னால் வழுக்கிக்கொண்டே இருப்பான். வழுக்காமலிருக்க ஹேண்டில்பாரைக் கையால் முட்டுக்கொடுப்பான். கை வேறு என்னதான் செய்யும், பாவம்.

கதிர்: விற்றவர் அப்படித்தான் வைத்திருந்தார் மாமா. அவர் ஆறடி.

செந்தில் மாமா: சீட் உயரத்தை அளந்து சொல். கிராங்க், அதாவது பெடல் மாட்டிய கை, சுழலும் அச்சின் மையத்திலிருந்து, சீட் குழாயை ஒட்டியே, சீட்டின் மேல்பரப்பு வரை. தரையிலிருந்து அளந்து சொல்லிவிடாதே.

கதிர்: 73.5 செ.மீ.

பெரியம்மா: கதிருக்கு உள்கால் 76 என்று என் நோட்டில் இருக்கிறது. போன தீபாவளிக்கு எடுத்த அளவு.

நந்தினி அக்கா: அம்மா, பேன்ட் அளவு இதற்கு உதவாது. துணிக்குத் தளர்வு வேண்டும், இதற்கு எலும்பு வரைக்கும் வேண்டும். கதிர், வெறுங்காலோடு சுவரை ஒட்டி நில். தடித்த புத்தகம் ஒன்றைத் தொடைகளுக்கு நடுவே வைத்து, சீட் எவ்வளவு அழுத்துமோ அவ்வளவு அழுத்தி மேலே தூக்கு. புத்தகத்தின் மேல்விளிம்பைச் சுவரில் குறித்துத் தரையிலிருந்து அள.

அம்மா: சுவரில் பென்சிலால் குறி. பேனா வேண்டாம்.

கதிர்: 80.

பெரியம்மா: நான்கு செ.மீ. வித்தியாசமா! நான் இப்படி அளந்தால் ஒருவரும் இரண்டாவது பேன்ட் தைக்க வரமாட்டார்கள்.

செந்தில் மாமா: 80ஐ 0.883ஆல் பெருக்கினால் 70.6. சீட் ஏறத்தாழ மூன்று செ.மீ. உயரத்தில் நிற்கிறது.

கதிர்: அது யாருடைய கணக்கு?

செந்தில் மாமா: கிரெக் லெமாண்ட் பெயரில் வழங்குகிறது. அமெரிக்கர். 1986, 1989, 1990 என்று மூன்று முறை டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை வென்றவர். 1989இல் வென்றது 8 விநாடி வித்தியாசத்தில்.

அப்புச்சி: மூன்று வாரம் ஓட்டி எட்டு விநாடியா? தோற்றவனை நினைத்தால்தான் எனக்குத் தூக்கம் வராது.

நந்தினி அக்கா: அந்த எண்ணையும் வேதவாக்காக எடுத்துக்கொள்ளாதே. இன்றைய சைக்கிள் காலணிகளின் அடி மெல்லியது என்பதால் சில மில்லிமீட்டர் குறைத்தே வைக்கிறார்கள். குதிகாலை வைத்துச் சரிபார்: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக வேண்டும், இடுப்பு ஒரு பக்கம் சாயக் கூடாது. பிறகு பாதத்தின் முன்பகுதியை வைத்தால் முழங்கால் 25 முதல் 35 டிகிரி மடங்கும். முழங்காலின் பின்பக்கம் இழுக்கிறதா?

கதிர்: ஆமாம் அக்கா. அதைச் சொல்லவே மறந்துவிட்டேன்.

நந்தினி அக்கா: சீட் உயரமென்றால் பின்பக்கம் இழுக்கும், தாழ்வென்றால் பெரும்பாலும் முன்பக்கம் வலிக்கும். இந்த மூன்று செ.மீ.யை ஒரேயடியாக இறக்கு, அது உன் அளவே இல்லை. அதன்பின் தொட்டால் மூன்று நான்கு மில்லிமீட்டருக்கு மேல் தொடாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று. நாலையும் சேர்த்து மாற்றினால் எது கேட்டது என்று எனக்கும் தெரியாது.

சனி

செந்தில் மாமா: ரசமட்டம் இருக்கிறதா வீட்டில்?

கதிர்: கொத்தனார் விட்டுப்போனது ஒன்று இருக்கிறது.

செந்தில் மாமா: சீட்டின் மேல் ஒரு சட்டத்தை வைத்து, அதன்மேல் ரசமட்டத்தை வை. வண்டி சமதரையில் நிற்கட்டும். குமிழ் நடுவில் நின்றால் போதும். பழைய உயரத்தை முதலில் டேப் ஒட்டிக் குறித்துக்கொள்.

கதிர்: பெடலுக்கு நேர்மேலே முழங்கால் வர வேண்டும் என்று ஒரு வீடியோவில் தூக்குக்குண்டு கட்டிக் காட்டுகிறார்கள். அதுவும் செய்யட்டுமா?

செந்தில் மாமா: கிராங்க் படுகிடையாக இருக்கும்போது பார்ப்பது அது. தொடங்குவதற்கு நல்ல இடம், அவ்வளவுதான். ஆனால் கை எட்டவில்லை என்று சீட்டை முன்னால் தள்ளாதே. கை எட்டுவது ஸ்டெம்மின் வேலை, ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் குட்டைத் துண்டு அது. சீட் காலுக்கும் இடுப்புக்கும்.

கதிர்: டயரிலும் காற்று 110 psi இருக்கிறது. கடையில் அடித்துக் கொடுத்தார்கள்.

செந்தில் மாமா: 28 மி.மீ. டயருக்கு, உன் எடைக்கு, 110 எதற்கு? டயரில் அச்சிட்டிருப்பது உச்ச அளவு. 70 பக்கம் வை. நம் ஊர் வேகத்தடை ஒவ்வொன்றும் உன் மணிக்கட்டில் வந்து இறங்குவதற்கு அதுவும் காரணம்.

பெரியம்மா: பேட் வைத்த கால்சட்டை போடுகிறாயா?

கதிர்: போடுகிறேன் பெரியம்மா.

பெரியம்மா: உள்ளே ஜட்டி போடக் கூடாது. அதன் தையல்தான் தோலை அறுக்கும். பேட் கால்சட்டையில் ஃபிளாட்லாக் தையல் போடுவதே மடிப்பு உறுத்தாமலிருக்கத்தான்.

கதிர்: 🙈

அம்மா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

பெரியம்மா: எதற்குச் சரசு நீக்குகிறாய்? திருப்பூரில் இதுதான் எங்களுக்குச் சோறு போடுகிறது.

புதன்

கதிர்: ஆழியாறு வரை போய்வந்தேன். விரல் மரத்துப்போகவில்லை. முழங்கால் இழுப்பும் இல்லை. கழுத்து மட்டும் திரும்பி வரும்போது கொஞ்சம்.

நந்தினி அக்கா: நல்லது. முழங்கையை விறைப்பாக வைக்காமல் சற்று மடித்து ஓட்டு. அதற்குப் பிறகும் கழுத்து சொன்னால் ஹேண்டில்பார் தாழ்வு, அல்லது தூரம்.

செந்தில் மாமா: ஸ்டெம்மில் என்ன எழுதியிருக்கிறது?

கதிர்: 110 மி.மீ., 6 டிகிரி. கீழ்நோக்கிச் சாய்ந்திருக்கிறது.

செந்தில் மாமா: அப்படியென்றால் புதிதாக எதுவும் வாங்காதே. அதையே தலைகீழாகக் கவிழ்த்துப் போடலாம், ஹேண்டில்பார் இரண்டு செ.மீ.க்கு மேல் உயரும். போதாவிட்டால் 90க்கு மாறுவோம். ஆனால் நீயே கழற்றிவிடாதே. மேல்மூடியை இறுக்கிய பிறகுதான் பக்கத்துப் போல்ட்டுகள். வரிசை மாறினால் முன்சக்கரம் ஆடும். போல்ட்டில் 5 என்று போட்டிருந்தால் 5 நியூட்டன் மீட்டர்தான், கைக்கணக்கில் முறுக்கக் கூடாது. இறுக்கத்தை அளந்து முறுக்கும் டார்க் ரெஞ்ச் என் பட்டறையில் இருக்கிறது.

கதிர்: ஞாயிற்றுக்கிழமை கோவை கணபதிக்கு, உங்கள் பட்டறைக்கு வரட்டுமா? சைக்கிளிலேயே வந்துவிடுவேன்.

அம்மா: பஸ்ஸில் போ.

செந்தில் மாமா: சைக்கிள் இல்லாமல் வந்து என்ன செய்வான் அக்கா? அதிகாலையில் கிளம்பு, கிணத்துக்கடவு தாண்டும்வரை காற்று எழாது. பத்து மணிக்குள் வந்தால் லேத் ஓடாது, நிதானமாகப் பார்க்கலாம்.

அப்புச்சி: போகிறவன் ஓரமாகப் போ கண்ணு. அந்த ரோட்டில் லாரி அதிகம்.