மொட்டை வெயிலிலும் மந்தார வானத்திலும் எடுத்த படங்கள்: உங்கள் அனுபவம்?

பஸ் பயணி:
நிலக்காட்சி என்றாலே விடியற்காலை, விட்டால் சாயங்காலம் என்கிறார்கள். சொந்த வண்டி இருப்பவர்களுக்குச் சரி. பஸ்ஸை நம்பிப் போகிற நமக்கு இடத்துக்குப் போய்ச் சேரவே 11 மணி ஆகிவிடுகிறது, 4 மணிக்குக் கிளம்பினால்தான் ஊர் திரும்பலாம். அந்த இடைப்பட்ட நேரத்தில் நல்ல படம் கிடைத்தவர்கள் இருந்தால், எங்கே, எப்படி என்று எழுதுங்கள்.

பனங்காடு:
நான் தேடிப் போவதே உச்சி வெயிலைத்தான். திருச்செந்தூர், உடன்குடிப் பக்கத்துத் தேரிக்காடு தெரியுமல்லவா? மணல் துகள்மேல் இரும்பு ஆக்சைடு படிந்து செக்கச்செவேலென்று கிடக்கும். சாயங்கால வெளிச்சத்தில் அந்தச் சிவப்போடு மஞ்சளும் சேர்ந்து எல்லாம் ஒரே காவியாகிவிடுகிறது. பார்க்க அழகுதான், ஆனால் மணலின் சொந்த நிறம் அது இல்லை.

எங்கள் ஊர் இருக்கும் அட்சரேகைக்கு, சித்திரை பிறப்பதையொட்டிச் சில நாட்கள் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு நேராக வரும். ஆகஸ்ட் கடைசியில் இன்னொரு முறை. கடிகாரத்தில் 12 மணிக்கு அல்ல, 12.15 தாண்டித்தான். அப்போது ஒவ்வொரு பனையும் தன் நிழலைக் காலடியிலேயே வட்டமாகப் போட்டுக்கொண்டு நிற்கும். கொஞ்சம் உயரமான மேட்டில் ஏறி எடுத்தால் சிவப்பு மணலில் வரிசையாகக் கறுப்பு வட்டங்கள். காலையில் நீண்டு விழும் நிழல்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்வதால் இந்த ஒழுங்கு கிடைக்காது.

அப்புறம், சிபிஎல் ஃபில்டர் (லென்ஸுக்கு முன்னால் மாட்டும் போலரைசர் கண்ணாடி; வானத்தின் நீலத்தை ஆழமாக்கும், மினுமினுப்பைக் குறைக்கும்). சூரியனுக்குச் செங்கோணத்தில் இருக்கும் வானத்தில்தான் அது நன்றாக வேலை செய்யும். சூரியன் தலைக்கு நேர் மேலே இருந்தால் அந்தச் செங்கோணம் அடிவானம் முழுக்கச் சுற்றி வந்துவிடுகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் பலன் உண்டு. காலை வேளையில் வைட் லென்ஸில் வானத்தின் ஒரு பாதி மட்டும் இருண்டு அசிங்கமாகத் தெரியுமே, அந்தத் தொல்லையும் பெரும்பாலும் இருக்காது. புழுக்கத்தில் வானம் வெளுத்திருந்தால் மட்டும் ஃபில்டரை நம்ப வேண்டாம்.

கறுப்பு வெள்ளையாக மாற்றும்போது சிவப்புச் சேனலை ஏற்றிப் பாருங்கள். மணல் வெள்ளையாகும், நீல வானம் கறுக்கும், பார்ப்பவர்கள் தேரி என்றே நம்ப மாட்டார்கள். சூடு மட்டும் சாமானியமில்லை. செருப்புக்குள் மணல் புகுந்தால் துள்ள வேண்டியதுதான், ஷூ போட்டுப் போங்கள்.

கடலோரம்:
தனுஷ்கோடிக்கும் இதே கதைதான், காரணம்தான் வேறு. வெயில் ரொம்பச் சாய்வாக விழும்போது வெளிச்சத்தில் நிறைய நீர்ப்பரப்பிலேயே பட்டுத் தெறித்துவிடும். சூரியன் உயர்ந்த பிறகுதான் வெளிச்சம் உள்ளே இறங்கி, ஆழம் குறைந்த இடங்களில் அடிமணலைக் காட்டுகிறது. அந்தப் பச்சை கலந்த நீலம் விடிகாலைப் படங்களில் இருக்காது.

1964 புயலில் சிதைந்த தேவாலயத்தையும் நான் மத்தியானத்தில்தான் எடுப்பேன். கூரை இல்லாத கட்டடம். உள்ளே விழும் வெயில் வெளிர்மணலில் பட்டு மேலே எழும்புவதால், வளைவுகளின் அடிப்பகுதியிலும் பவழக்கல்லின் துளைகள் தெரிகின்றன. தனியாக ரிஃப்ளெக்டர் வேண்டாம். வெளுப்பான இடங்கள் எரிந்துபோகாமல் (விவரமில்லாத வெறும் வெள்ளையாகாமல்) இருக்க ஹிஸ்டோகிராமை (இருட்டு இடமும் வெளிச்சம் வலமுமாகக் கேமரா காட்டும் வரைபடம்) ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாமல் சேமிக்கும் மூலக் கோப்பு) எடுத்தால் நிழலைப் பிறகு தூக்கிக்கொள்ளலாம், எரிந்த வெள்ளையை மீட்க முடியாது.

ஆனால் 2 மணிக்கு மேல் அங்கே சுற்றுலாக் கூட்டம்தான் பிரேமை நிரப்பும். அதற்கு ஃபில்டர் கிடையாது!

மலைக்காற்று:
வெயில்காரர்களே பேசுகிறீர்கள், மந்தாரத்துக்கும் ஒருவர் வேண்டாமா? தென்மேற்குப் பருவமழைக் காலத்து வால்பாறையில் பல நாள் வானம் வெறும் வெள்ளைத் துணி. நான் செய்வது ஒன்றுதான்: வானத்தைப் பிரேமுக்குள் விடுவதில்லை. 70-200 லென்ஸை (தூரத்தைக் கிட்டே இழுக்கும் ஜூம்) போட்டு எதிர்ச் சரிவை மட்டும் வெட்டி எடுப்பேன். தேயிலைக்கு நடுவில் நிற்கும் சில்வர் ஓக் மரங்கள், மூடுபனியில் வரிசைக்கு வரிசை மங்கிக்கொண்டே போகும். வெயில் நாளில் அதே சரிவு தட்டையாக, எல்லாம் ஒரே தூரத்தில் இருப்பதுபோலத் தெரியும்.

கேமரா பனியைச் சாம்பலாக்கிவிடும். எக்ஸ்போஷரை (படத்தில் பதியும் வெளிச்சத்தை) +0.7 அல்லது +1 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு வெளிச்சம்) ஏற்றினால்தான் பனி பனியாக இருக்கும். சோலைக்காட்டுக்குள்ளும் மந்தாரமே எனக்குப் பிடித்தது. வெயிலென்றால் இலை இடுக்கில் விழும் பொட்டுகள் படம் முழுக்க எரிந்து கிடக்கும். சிபிஎல்லை இங்கேயும் கழற்றாதீர்கள். ஈர இலையின் மினுமினுப்பை எடுத்துவிட்டால் உள்ளிருக்கும் பச்சை வெளிப்படும். வெளிச்சம் ஒன்றரை ஸ்டாப் போலக் குறையும், அதனால் ட்ரைபாட் அவசியம்.

பஸ் பயணி:
நன்றி. அடுத்து வேதாரண்யம் உப்பளம் போகலாம் என்றிருக்கிறேன், பஸ் 12 மணிக்குத்தான் இறக்கிவிடும். உப்புக் குவியலுக்கும் அந்த +1 கணக்குப் பொருந்துமா?

பனங்காடு:
பொருந்தும், ஆனால் வெயிலில் உப்புக்கு +1 அதிகமாகப் போகலாம். +0.7-இல் ஆரம்பித்து ஹிஸ்டோகிராம் வலது ஓரத்தை முட்டுகிறதா என்று பாருங்கள். பாத்தியில் வேலை செய்கிறவர்களிடம் கேட்டுவிட்டு எடுங்கள். தண்ணீர் பாட்டில் இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், அங்கே ஒதுங்க மரம் கிடைப்பது கஷ்டம்.