சேணம், செதுக்கு வேலை: ஆசானிடம் கற்றவர்கள் எழுதுங்கள்

கும்பகோணத்தான்
வண்டிக்குதிரைச் சாமான் தைக்கும் பெரியவர் ஒருவரிடம் பூவேலை செதுக்கக் கற்கப் போனேன். தோலை நனைத்து, பழைய நிறம் திரும்பும்வரை விட்டு, கன்னத்தில் ஒட்டிப் பார்ப்பார். ஜில்லென்று இருந்தால்தான் கத்தியை எடுப்பார். அதெல்லாம் உங்களுக்குத் தெரிந்ததே. மனசை விட்டுப் போகாதது வேறு.

ஊர்வலத்துக்கு விடும் குதிரை ஒன்றை, சேணம் சரியாக உட்காருகிறதா என்று பார்க்க அரசலாற்றங்கரையில் ஓடவிட்டுக் கொண்டுவந்தார்கள். சேணத்தை இறக்கினால் முதுகெல்லாம் வியர்வை. பிடரி முடியும் இடத்துக்குக் கீழே, இடப்பக்கம் மட்டும் உள்ளங்கை அளவு காய்ந்து கிடந்தது. "தம்பி, இங்க கை வையி" என்றார். வைத்ததும் தோல் சிலிர்த்தது, குதிரை விலகிக்கொண்டது. அழுத்தம் கூடினால் அங்கே வியர்க்காது என்றார். அப்படியே தரையில் உட்கார்ந்து அடித்திண்டின் தையலைப் பிரித்தார். உள்ளே கம்பளி கட்டிதட்டிக் கிடந்தது. மேல் மடலில் அருமையான தாமரைக்கொடி. அதை அவர் ஏறிட்டும் பார்க்கவில்லை. இப்போது எந்தச் சேணத்தைக் கண்டாலும் என் கை முதலில் அடிப்பக்கம்தான் போகிறது.

திருவையாறு
எனக்குச் சேணம் தெரியாது, மிருதங்கம்தான். தஞ்சாவூரில் பழகினேன். எருமைத்தோல் வாரை ஆசான் இழுத்துப் பிடிக்க, நான் வலந்தலையை, அதாவது வலப்பக்கத் தோல்முகத்தை, சுற்றித் தட்டிப் பார்க்க வேண்டும். விளிம்பில் வார் கோத்திருக்கும் 16 கண்ணும் ஒரே சுருதியில் நிற்க வேண்டும். ஒரு நாள் தண்ணீர் குடிக்க உள்ளே போனவர் அங்கிருந்தே, "அந்தக் கண்ணு அழுவுதுடா" என்றார். காதை ஒட்டி வைத்துக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. அந்தக் காது எனக்கு எப்போது வரும்?

மன்னார்குடி
கும்பகோணத்துத் தம்பி, பூவைப் பார்க்கவில்லை என்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். செதுக்கத் தெரிந்தவன் கண் முதலில் கொடியின் வளைவுக்குத்தான் போகும். நீங்கள் கவனித்திருக்க மாட்டீர்கள்.

கும்பகோணத்தான்
அண்ணே, அந்தக் கொடியைச் செதுக்கியதே அவர்தான். எழுத விட்டுப்போச்சு.

நாகை
புதிதாக வருகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். குரோம் தோலில் (குரோமிய உப்பில் பதனிட்டது) செதுக்காதீர்கள், பதிந்தது நிற்காது. மரப்பட்டையில் பதனிட்டதைக் கேட்டு வாங்குங்கள். ஆவாரம்பட்டையில் பதனிடுவது நம் பக்கத்துப் பழைய வழக்கம். கத்தி பாதிக் கனத்துக்கு மேல் இறங்கக் கூடாது. தையலைக் கையால் போடுங்கள்: ஒரே நூல், இரு முனையிலும் ஊசி, ஒரே துளையில் எதிரெதிராக. ஒரு பக்கம் அறுந்தாலும் மறுபக்கம் பிடித்துக்கொள்ளும்; மெஷின் தையல் பிரிந்துகொண்டே போகும். நூலுக்குத் தேன்மெழுகு தேயுங்கள். அப்புறம், ஐப்பசி கார்த்திகையில் பூஞ்சை பிடிக்காமல் இருக்காது. பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள். பூத்துவிட்டால் உலர்ந்த துணியால் துடைத்து நிழலில் காற்றாட விடுங்கள். வெயிலில் போட்டால் விறைத்து வெடித்துவிடும்.