வால் சக்கர ரிமோட் மாடல் விமானம் இறங்கும்போது குதிக்குது, மூணாவது குதியில ப்ராப் (மூக்குல சுத்துற விசிறி) போகுது

கெடிலக்கரை (கடலூர்):
1.4 மீட்டர் இறக்கை, ஃபோம்ல செஞ்ச பைப்பர் கப் மாடல். எடை 1200 கிராம், 3எஸ் (மூணு செல்) 2200 லிப்போ பேட்டரி, 10×6 ப்ராப். இறங்குறது அறுவடை முடிஞ்ச நெல் வயல்ல, சமமாக்கின 60 மீட்டர் பட்டை. பறக்கிறதுல ஒரு குறையும் இல்லை. மெயின் சக்கரம் (முன்னால இருக்கிற ரெண்டும்) தரையைத் தொட்டதும் முழங்கால் உயரம் எகிறுது. உடனே டவுன் எலிவேட்டர் (மூக்கைக் கீழ தள்ளுற வால் மடல்) கொடுத்தா அடுத்தது இடுப்பு உயரம். மூணாவதுல மூக்கு குத்தி ப்ராப் உடையுது. சக்கரத்தைத் தாங்குற கால் கம்பி 3 மி.மீ. இன்னும் தடியா மாத்தணுமா?

எக்ஸ்போ30 (வில்லியனூர்):
கம்பியை மாத்தாதீங்க, தடிச்ச கம்பி இன்னும் உதைக்கும். தொட்ட உடனே லேசா டவுன் கொடுத்து சக்கரத்தைத் தரையோட அழுத்திப் பிடிங்க, ஒட்டிக்கும்.

பால்சாத்தூள் (புதுச்சேரி):
எக்ஸ்போ சார் சொல்றது வீல் லேண்டிங்குக்கு (வாலைத் தூக்கி வச்சு முன் சக்கரத்துல மட்டும் இறங்குறது) மட்டும்தான் பொருந்தும். அதுவும் சக்கரம் தரையில இருக்கிற அந்த நொடியில, இறங்கு வேகம் ரொம்பக் குறைவா இருந்தா மட்டும். தம்பிக்கு விமானம் ஏற்கனவே காத்துல எழும்பிடுது. அப்போ டவுன் கொடுக்கிறதுதான் ப்ராப்பை உடைக்குது.

முதல்ல ஏன் குதிக்குதுன்னு பார்ப்போம். ஸ்பிரிங் காரணம் பாதிகூட இல்லை. வால் சக்கர விமானத்துல சிஜி (எடை மையம்) மெயின் சக்கரத்துக்குப் பின்னால இருக்கு. சக்கரம் தரையில மோதினதும் முன்பக்கம் நின்னுடும், பின்னால இருக்கிற எடை தொடர்ந்து கீழ போகும், வால் தாழும், இறக்கையோட கோணம் கூடும். வேகம் மிச்சம் இருந்தா அந்தக் கோணமே தூக்கிடும். மூணு சக்கரமும் ஒண்ணா தொடுற த்ரீ பாயிண்ட்ல இறக்கை ஏற்கனவே ஸ்டாலை (தூக்கும் விசை அத்துப்போற நிலை) ஒட்டி இருக்கு, கோணம் கூட இடமில்லை. அதனால அது அவ்வளவா குதிக்காது.

ரெண்டாவது குதி ஏன் பெரிசு? எகிறினதைக் கண் பார்த்து, விரல் நகர்ந்து, சர்வோ (மடலைத் திருப்புற குட்டி மோட்டார்) திரும்புறதுக்குள்ள விமானம் உச்சிக்குப் போய் தானாவே விழ ஆரம்பிச்சிடுது. உங்க டவுன் அப்போதான் வேலை செய்யுது. விழுறதோட மூக்கும் கவிழ்ந்து மோதும், வால் இன்னும் வேகமா தாழும். அதாவது குதியைத் துரத்துறீங்க.

செய்ய வேண்டியது: எகிறினதும் எலிவேட்டர் விரலை உறைய வைங்க. மூக்கு அடிவானத்துக்குச் சமமாவோ ஒரு விரல் மேலயோ நிக்கணும், அதுக்கு மேல தூக்கினா மட்டும் கொஞ்சம் தளர்த்துங்க. அதே நொடியில த்ராட்டில் (மோட்டார் வேகம்) மூணுல ஒரு பங்கு. விழுற வேகத்தை இதுதான் மெத்தையாக்கும், எலிவேட்டர் இல்லை. இறக்கை சாய்ஞ்சா ரட்டர்ல (மூக்கை இடம் வலம் திருப்புற வால் மடல்) நிமிர்த்துங்க. திரும்ப இறங்க ஆரம்பிக்கும்போது ஸ்டிக்கை மெதுவா பின்னால இழுத்துக்கிட்டே வந்து மூணு சக்கரத்துல உட்கார வைங்க, உட்கார்ந்த பிறகு த்ராட்டிலை மூடுங்க. முன்னாடி மூடினா பொத்துன்னு விழும்.

இது முழங்கால் உயரம் வரைக்கும்தான். இடுப்புக்கு மேல போச்சு, இல்லை பட்டையில பாதி முடிஞ்சுதுன்னா யோசிக்கவே வேண்டாம், இறக்காம மேல ஏத்தி சுத்தி வாங்க. முக்கால் த்ராட்டில், ஆனா தட்டி ஏத்தாம ஒரு நொடி எடுத்து ஏத்துங்க. மூக்கு இடது பக்கம் இழுக்கும், வலது ரட்டர் தயாரா இருக்கட்டும். வேகம் பிடிக்கிற வரைக்கும் மேல இழுக்கக் கூடாது. ஃப்ளாப் (இறங்கும்போது இறக்கையில தாழ்த்துற மடல்) போட்டிருந்தா உயரம் ஏறின பிறகு எடுங்க. லிப்போ கடைசி மூச்சுல இருந்தா இதெல்லாம் நடக்காது. செல்லுக்கு 3.7 வோல்ட் இருக்கும்போதே இறங்குற மாதிரி டைமர் வைங்க.

கெடிலக்கரை:
நன்றிண்ணே. அப்ரோச் (இறங்க வர்ற) வேகம் எவ்வளவு இருக்கணும்? சாயங்காலம்தான் பறக்க விடுறேன். வயல் வரப்பை வச்சு எப்பவும் மேற்கிலிருந்து கிழக்கா இறக்குவேன். காலையில ஒரு நாள் அதே பக்கமா இறக்கினப்போ குதி அதிகமா இருந்துச்சு.

பால்சாத்தூள்:
உங்க இறக்கை சுமார் 31 சதுர டெசிமீட்டர்னு வச்சுக்கிட்டா ஸ்டால் வேகம் நொடிக்கு 7.5 முதல் 8 மீட்டர் வரும். அப்ரோச் அதுல 1.3 மடங்கு, அதாவது 10 மீட்டர், மணிக்கு 36 கி.மீ. போதும். 20 சதவீதம் வேகம் கூடினா அதே கோணத்துல தூக்கும் விசை 44 சதவீதம் கூடும், குதி அங்கிருந்து பிறக்குது.

நம்ம கரையில மதியத்துக்கு மேல கடல் காத்து கிழக்கு, தென்கிழக்குலேர்ந்து வீசும். விடியக்காலையில நிலக்காத்து மேற்குலேர்ந்து. உங்க திசை சாயங்காலத்துக்குச் சரி. காலையில அதே பக்கம் இறக்கினா காத்து முதுகுல தள்ளும். காத்து நொடிக்கு 3 மீட்டர்னா தரை வேகம் 7க்குப் பதிலா 13. வயல் காட்டுல ஒரு துணி நாடாவைக் குச்சியில கட்டி வைங்க, அது பொய் சொல்லாது.

எக்ஸ்போ30:
ஒத்துக்கிறேன், நான் அவசரப்பட்டு எழுதிட்டேன். எலிவேட்டருக்கு 30 சதவீதம் எக்ஸ்போ (ஸ்டிக் நடுவுல மெதுவா வேலை செய்யுற அமைப்பு) போட்டு லோ ரேட்ல (மடல் கம்மியா திரும்புற அமைப்பு) இறக்குங்க, துரத்துறது பாதி குறையும். வயலுக்கு 60 மி.மீ. கெட்டிச் சக்கரம்னா கழட்டிட்டு 80 மி.மீ. ஃபோம் சக்கரம். அப்புறம் மெயின் சக்கரத்தோட அச்சு எங்க இருக்குன்னு அளந்தீங்களா?

கெடிலக்கரை:
இப்போ அளந்தேன். விமானத்தைச் சமமா பிடிச்சா அச்சு சிஜிக்கு 7 செ.மீ. முன்னால, 13 செ.மீ. கீழ.

பால்சாத்தூள்:
கோளாறு அங்கதான் இருக்கு. சிஜியிலேருந்து அச்சுக்குக் கோடு போட்டா நேர் கீழேருந்து 28 டிகிரி கிட்ட வருது. 15 முதல் 20 டிகிரிக்குள்ள இருக்கணும். எவ்வளவு முன்னால போகுதோ அவ்வளவு நெம்புகோல் நீளம், அவ்வளவு வால் தாழும், தரையில சுத்துற குணமும் கூடும். கம்பியைப் பின்னால வளைச்சு அந்த 7 செ.மீ.யை 4 முதல் 4.5 செ.மீ. ஆக்குங்க. 3.5க்குக் கீழ போயிடாதீங்க, வயல் கட்டியில மூக்கு குத்தும். வளைச்ச பிறகு சிஜியை மறுபடி பாருங்க, சக்கரம் பின்னால போனதுல கொஞ்சம் நகர்ந்திருக்கும். ரெண்டு காலுக்கும் நடுவுல ஒரு ரப்பர் பேண்டை இறுக்கிக் கட்டுங்க, நிஜ பைப்பர் கப் விமானத்துலயும் பங்கி கயிறுதான் (இழுபடுற ரப்பர் கயிறு).

கெடிலக்கரை:
வளைக்கும்போது ஃபோம் பிளந்துடுமா?

பால்சாத்தூள்:
விமானத்துலேயே வச்சு வளைச்சா பிளக்கும். கம்பியைக் கழட்டி வைஸ்ல (பட்டறைப் பிடிகருவி) பிடிச்சு வளைங்க, சூடு பண்ணாதீங்க, பியானோ கம்பியோட வலு போயிடும்.