40 டிபி டேட்டாபேஸ் ஒரே டேப்பில் அடங்குமாம்!

ஆர்மேன்_அண்ணாச்சி: "எல்டிஓ-9 பேக்கப் டேப் வாங்குங்கள், 40 டிபி ஆரக்கிள் டேட்டாபேஸ் ஒரே கார்ட்ரிட்ஜில் அடங்கிவிடும்" என்று நேற்று ஒரு மேதாவி இங்கே எழுதியிருந்ததைப் படித்ததிலிருந்து எனக்குக் காபி இறங்கவில்லை. அட்டையில் போட்டிருக்கும் 45 டிபி, டேட்டா இரண்டரை மடங்கு சுருங்கினால்தான் கிடைக்கும். உள்ளபடி 18. பதினெட்டு!

நாடாப்பித்தன்: அந்த மேதாவி நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். 45 என்று அச்சடித்தது கம்பெனிக்காரன்.

ஆர்மேன்_அண்ணாச்சி: ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனிலேயே சுருக்கித்தான் பேக்கப் எடுக்கிறோம், அப்புறம் டேப் டிரைவ் எதைச் சுருக்கும்? பிழிந்த கரும்பை மறுபடி மெஷினில் விட்டால் சாறா வரும்? என்கிரிப்ட் செய்த டேட்டாவும் சுருங்காது. 18தான்.

டிஸ்க்ராஜா: டேப்பே எதற்கு? ஒரு டிரைவ் நொடிக்கு 400 எம்பி. 40 டிபியைத் திரும்ப ஏற்ற 28 மணி நேரம். அதுவரை மேனேஜருக்கு யார் பதில் சொல்வது? டிஸ்க் பெட்டி வாங்கி, இரண்டு டிஸ்க் பழுதானாலும் டேட்டா தப்பிக்கும் ரெய்டு 6 போட்டுவிட்டுத் தூங்குங்கள்.

நாடாப்பித்தன்: ரெய்டை பேக்கப் என்கிறவரோடு என்ன பேச்சு! 2011இல் ஜிமெயிலில் மெயில்கள் காணாமல் போனபோது கூகுள் எதிலிருந்து மீட்டது? டேப்.

ஆர்மேன்_அண்ணாச்சி: மீட்டார்கள், சரி. அதனால் 18 எப்படி 45 ஆகும்?

டிஸ்க்ராஜா: போன வருடம் "டேப்பெல்லாம் குப்பை" என்று எழுதியவர்தானே அண்ணாச்சி நீங்கள்?

ஆர்மேன்_அண்ணாச்சி: எல்டிஓ-6 கார்ட்ரிட்ஜை எல்டிஓ-8 டிரைவ் படிக்காது, அதனால் அந்தப் பழைய டேப்பெல்லாம் குப்பை என்றேன். பாதி வரி படித்துவிட்டு வருடக்கணக்கில் மனதில் வைத்திருக்கிறீர்கள். எங்கள் சர்வர் ரூமில் ஒரு புண்ணியவான் ஒரு கிகாபிட் கேபிளில் டேப் டிரைவுக்கு டேட்டா ஊட்டினார். நொடிக்கு 125 எம்பிகூட முழுசாக வராது. டிரைவ் ஓடும், பசித்து நிற்கும், பின்னால் சுற்றும், மறுபடி ஓடும். ராத்திரி முழுக்க அந்தக் கர்ர்... டக் சத்தத்தைக் கேட்டவன் நான். அட்டையைப் படித்து வியாபாரம் பேசுகிறவன் இல்லை.

தமிழ்க்கணிமை: "டேப்" என்கிறீர்களே, "நாடா" என்றால் வாய் வலிக்குமா?

நாடாப்பித்தன்: என் பெயரைப் பாருங்கள் ஐயா.

தமிழ்க்கணிமை: பெயரில் மட்டும் இருந்தால் போதுமா?

டிஸ்க்ராஜா: நாடாவைப் பாவாடைக்கு வையுங்கள்.

நாடாப்பித்தன்: அண்ணாச்சி, அட்டையைப் படம் எடுத்துப் போடட்டுமா? 45 என்றுதான் இருக்கிறது.

ஆர்மேன்_அண்ணாச்சி: போடுங்கள். பக்கத்திலேயே பொடி எழுத்தில் 2.5:1 என்றும் இருக்கும், கண்ணாடி போட்டுக்கொண்டு எடுங்கள்.

நாடாப்பித்தன்: எனக்குக் கண் நன்றாகவே தெரிகிறது. 45.