பணியில் மது அருந்திய மருத்துவர் மீது எங்கே புகார் அளிப்பது?

ஏற்காட்டுவாசி: இங்குள்ள தனியார் மருத்துவமனையில் இரவுப் பணியிலிருந்த மருத்துவர், மது வாடையோடும் கைநடுக்கத்தோடும் என் மாமியாருக்கு நரம்பு கிடைக்காமல் திரும்பத் திரும்ப ஊசி குத்தினார். இவர் மீது யார் நடவடிக்கை எடுக்க முடியும்?

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்: தமிழ்நாடு மருத்துவ கவுன்சிலுக்கு எழுதுங்கள். மருத்துவர்களுக்கான 2002ஆம் ஆண்டு நன்னடத்தை விதிமுறைகளின்படி புகார்மீது 6 மாதங்களுக்குள் முடிவெடுக்க வேண்டும். குற்றம் உறுதியானால், மருத்துவர் பதிவேட்டிலிருந்து பெயரைக் குறிப்பிட்ட காலத்திற்கோ நிரந்தரமாகவோ நீக்கலாம். மதுவைத் தனியே குறிப்பிட்ட தேசிய மருத்துவ ஆணையத்தின் 2023 விதிமுறைகள் அந்த ஆகஸ்டிலேயே நிறுத்திவைக்கப்பட்டன என்றாலும், பட்டியலில் இல்லாத தவறான நடத்தையையும் விசாரிக்கப் பழைய விதிகளே இடமளிக்கின்றன.

ஓய்வுபெற்ற செவிலியர்: வாடையை மட்டும் நம்பி எழுதாதீர்கள், ஐயா. கைகளில் தேய்க்கும் கிருமிநாசினியிலும் ஆல்கஹால் உண்டு; சர்க்கரை மிகவும் ஏறியவரின் மூச்சிலும் ஒருவித வாடை வீசும். சிகிச்சைக் குறிப்புகளின் நகலை எழுத்துப்பூர்வமாகக் கேளுங்கள், 72 மணி நேரத்திற்குள் தந்தாக வேண்டும். அன்றிரவு உடனிருந்தவர்களின் வாக்குமூலத்தையும் இணையுங்கள். பேச்சுக் குளறல், தள்ளாட்டம் போன்று கண்ணால் கண்டதை நேரத்தோடு குறிப்பதே விசாரணையில் நிற்கும்.

அஸ்தம்பட்டி வழக்கறிஞர்: செவிலியர் அம்மா சொல்வது சரி. அரசு மருத்துவராக இருந்திருந்தால் கவுன்சில் விசாரணையோடு அரசு ஊழியர் ஒழுங்கு விதிகளின் 17(பி) பிரிவின்படி துறைரீதியான நடவடிக்கையும் தனியே நடக்கும்; தனியார் மருத்துவருக்கு அது பொருந்தாது.